எக்கோ கொஞ்சம் கூட்டு

பொகவந்தலாவை மைதானத்தில் மேடை போட்டாயிற்று.
நாலு பாக்ஸ், ரெண்டு ஹோர்ன், ஒரு பழைய மிக்சர்.
மிக்சரின் முதல் சானலில் டேப் ஒட்டி
டிலுக்சன் நீலப் பேனையால் எழுதினான்:
ஜனாதிபதி.
‘இன்னும் ஆகலடா’ என்றேன்.
‘எழுதுறதுக்கு வோட்டு வேணுமாண்ணே?’

மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன சங்கல்ப மெதகொட
ஐந்தேகாலுக்கு வந்தார்.
மற்றவர்களைப் போல வெள்ளை வேட்டி இல்லை,
தோல் ஜாக்கெட். கழுத்தில் கிட்டார்.
அதுதான் சின்னமும்.
எனக்கு அவரை இருபது வருசமாகத் தெரியும்,
அவருக்கு என்னைத் தெரியாது.
என் கல்யாணத்தில் அவர் பாட்டுத்தான் போட்டோம்.
பாதிச் சொல் புரியாமலே என் மனைவி அழுதாள்.
புரிந்திருந்தால் அழுதிருக்க மாட்டாள்,
அது ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றிய பாட்டு.

மேடையேறியதும் என் பக்கம் குனிந்து
சிங்களத்தில் சொன்னார்: எக்கோ கொஞ்சம் கூட்டு.
பாட்டுக்கா, பேச்சுக்கா?
பேச்சுக்கு.
கூட்டினேன்.
கேஸ் வரும் என்றார்.
வரும் வரும் வரும் என்றது மலை.
கடன் தீரும் என்றார்.
தீரும் தீரும்
எதிர்த் தொங்கலில் மோதித் தேயிலைக்குள் இறங்கிற்று.

கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருந்தார்கள் பெண்கள்,
இடுப்பில் கட்டிய படங்கோடு.
முன்வரிசையில் புஷ்பகாந்தி.
பதினெட்டுக் கிலோ பறித்தவளுக்கு
அன்றைக்கு விழுந்தது பதினாறு.
தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிப்பது வழக்கம்,
வெயில் அடித்தாலும்.
பேச்சையும் அவள் அப்படித்தான் கேட்டாள்,
தலையைச் சாய்த்து,
தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி.

ஆறு மணிக்குக் கரண்ட் போனது.
அட்டவணைப்படி.
நாட்டில் சொன்ன நேரத்துக்கு நடக்கிற ஒரே காரியம்.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை;
நேற்றுக் கேனோடு நாலு மணி நேரம் நின்றேன்,
எனக்கு முன்னால் மூன்று பேரோடு முடிந்துவிட்டது.
அவருடைய செயலாளர் என்னை முறைத்தார்.
நான் மலையைப் பார்த்தேன்.

அப்போது அவர் செத்த மைக்கைக் கீழே வைத்துவிட்டு
மேடை விளிம்பில் உட்கார்ந்து பாடினார்.
மூடுபனியில், வெறும் தொண்டையால்.
ஐம்பதைத் தாண்டிய குரல்,
மேலே ஏறும்போது ஓர் இடத்தில் உடைந்தது.
அந்த உடைவு எந்த சீடியிலும் இல்லை.
நாலாம் வரிசைக்கு அப்பால் அது போகவில்லை,
பின்னால் நின்றவர்கள்
‘என்னவாம், என்னவாம்’ என்றார்கள்.
பொய் சொல்லக் கூடாது:
அந்த ஒரு பாட்டுக்கு நான் நாட்டையே கொடுத்திருப்பேன்.
நல்லவேளை, நாடு என் கையில் இல்லை.

முடிந்ததும் புஷ்பகாந்தி எழுந்தாள்.
‘பாட்டு நல்லாருக்குங்க.
பேருக்கு எவ்வளவு போடுவீங்க?’
யாரோ மொழிபெயர்த்தார்கள், சம்பளம் என்று.
அவர் சிரித்தார்.
ஒரு கம்பியைத் தொட்டார்.
கூட்டம் கைதட்டியது.
அவள் தட்டவில்லை. பதிலுக்கு நின்றாள்.
வாகனங்கள் அட்டன் பாதைக்குத் திரும்பிய பிறகும்
கொஞ்ச நேரம் நின்றாள்.

எனக்கு வாடகை பாதிதான் வந்தது.
மீதிக்குக் கையெழுத்துப் போட்ட போஸ்டர்.

வோட்டுப் போடும் நாளுக்கு முன்னமே
மாரியம்மன் திருவிழா வந்துவிட்டது.
அதே மிக்சர். டேப்பின் பசை இறுகிப்போய்
டிலுக்சன் நகத்தால் சுரண்டினான்,
‘ஜனா’ மட்டும் உரிந்து வந்தது.
மிச்ச ‘திபதி’ ஒட்டிக்கொண்டே இருக்கிறது.
அந்தச் சானலில்தான் கோயில் பொருளாளர்
அன்னதானத்தை அறிவித்தார்:
சோறு இருக்கு, யாரும் தள்ள வேணாம்.
வேணாம் வேணாம் வேணாம் என்றது மலை.
வரிசையிலிருந்து புஷ்பகாந்தி கத்தினாள்:
‘அந்த எக்கோவக் கொறைங்கண்ணே!’

குறைத்தேன்.
சோறு இருக்கு, என்றது மைக்.
ஒரே தரம்.