தொண்ணூற்றைந்து

மூன்று அங்குலம் போடு என்கிறான் ஸ்டெல்லான்.
அவனுக்கு எல்லாமே மூன்றுதான்.
காப்பிக்கு மூன்று சர்க்கரை, வீட்டில் மூன்று நாய்,
இப்போது மூன்றாவது கல்யாணம்.
டர்போவின் முதுகுக்குப் பின்னால் சுவர் எதற்கு,
சுழன்றது சுழன்றபடி போகட்டுமே என்கிறான்.
பிழையில்லை.
விசிறிக்கு முன்னே நெருக்கடி, பின்னே வெட்டவெளி:
அது கேட்பது அவ்வளவுதான்.

ஆனால் டெசிபல் மானி இருப்பது என் கையில்.

பனி உருகிய பிறகு சனிக்கிழமைதோறும்
பந்தயத் தடத்தின் வாசலில் மண்டியிடுகிறேன்.
குழாய் வாயிலிருந்து அரை மீட்டர்,
நாற்பத்தைந்து பாகை சாய்வு.
முக்கால்வாசி சுற்றுக்கு முடுக்கச் சொல்லி
எண்ணைப் படித்து
கண்ணாடியில் மஞ்சள் வில்லை ஒட்டுவேன்,
அல்லது தலையசைப்பேன். தலையசைத்தால் வீடு.
ஃபால்கன்பெரியிலிருந்து இழுத்து வந்த வண்டியானாலும் வீடுதான்.

தொண்ணூற்றைந்து.
ஏரிக்கு அக்கரையில் நகராட்சி நட்ட கம்பத்தில்
இன்னொரு மானி தூங்காமல் இருக்கிறது.
மூன்று முறை மீறினால் இலையுதிர் காலம்வரை பூட்டு.
கம்பத்துக்குப் பக்கத்து வீட்டில் இங்கெயெர்ட்.
இரவெல்லாம் பேக்கரியில் நின்றுவிட்டு
அவள் திரைச்சீலையை இழுக்கும் நேரமும்
நாங்கள் ஹெல்மெட் மாட்டும் நேரமும் ஒன்று.
வரும் வழியில் நான் வாங்கும் ஏலக்காய் பன்
அவள் முறுக்கியதாகத்தான் இருக்கும்.
கேட்டதில்லை.

மே மாதம் முதல் சனி.
என் பழைய சாப், புது மூன்று அங்குலம்,
பின்னால் பெயருக்கு ஒரு சைலன்சர்.
தொண்ணூற்றேழு புள்ளி நான்கு.
காற்று என்றேன். மறுபடி.
தொண்ணூற்றேழு புள்ளி நான்கு.
ஈரத் தரை எதிரொலிக்கிறது என்றேன்.
யால்மர் மானியை வாங்கித் தானே பிடித்தான்,
எண்ணைச் சொல்லவில்லை, காட்டினான்.
இரண்டரைகூட இல்லையே என்று தோன்றும்.
டெசிபல் கணக்கு வட்டிக்கடைக் கணக்கு,
மூன்று ஏறினால் இருமடங்கு கட்டவேண்டும்.

பட்டியலில் என் பெயரை நானே எழுதினேன்.
எனக்கு நானே தலையசைத்தேன்.
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நியாயம்தான்.

திரும்பும் வழியில், ஊசியிலைக் காட்டுக்குள்,
ஆளில்லா நேர்ச்சாலையில்
ஒருமுறை மிதித்தேன்.
பொய் சொல்லமாட்டேன், அழகாக இருந்தது.
காடு முழுவதும் துணி கிழிவதுபோல் கிழிந்து
பின்னால் ஒட்டிக்கொண்டது.
பிறகு இரண்டாயிரத்து எண்ணூறு சுற்றில்
ஒரு முனகல் மண்டைக்குள் குடியேறியது,
நாற்பது கிலோமீட்டரும் வாடகை தராமல்.

ஜூன் முழுக்க வண்டிக்கடியில் கிடந்தேன்.
டர்போவிலிருந்து வினையூக்கிவரை மூன்று, அதில் கைவைக்கவில்லை.
அதன்பின் கூம்பு வைத்துக் குறுக்கி இரண்டரை.
வயிற்றுக்கடியில் ஒரு சைலன்சர், வாலில் ஒன்று.
தரைக்கும் அதற்கும் இடையே நான்கு விரல்;
பள்ளிக்கூடத்துக்கு முன்னிருக்கும் வேகத்தடை
ஏற்கெனவே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டது.

ஸ்டெல்லானின் கொட்டகையில் உருளைமேல் ஏற்றினோம்.
ஏழு குதிரை குறைவு.
துக்க வீட்டில் நிற்பவன்போல் தொப்பியைக் கழற்றினான்.
ஏழு குதிரைகளும் எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன்.
அவிழ்த்துவிட்டால் குதிரை வேறெங்கே போகும்,
தண்ணீர் இருக்கும் பக்கம்தான்.

நேற்று யால்மர் மண்டியிட்டான்.
தொண்ணூற்று நான்கு புள்ளி எட்டு.
இன்னும் சூடாகவில்லை, சூடானால் ஏறும் என்று
நானே வாயைவிட்டேன்.
சூடாக்கிவிட்டு மறுபடி அளந்தான்.
அதே எட்டு.
மஞ்சள் வில்லையைக் கோணலாக ஒட்டினான்.

பன்னைப் பாதி தின்றுவிட்டுத் தடத்தில் இறங்கினேன்.
இரண்டாயிரத்து எண்ணூறில்
அந்த முனகல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.
அதை அளக்க விதி இல்லை.