பழைய வடிவில் சேமி

வெள்ளி மாலை ஐந்தே முக்கால்.
பெருங்குடியில் ஆறாவது மாடி.
குப்பைமேடு எரியும் வாசம்
ஏசியையும் மீறி வருகிறது.
அட்டவணை முடிந்துவிட்டது.
வேலை முடியவில்லை.

காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில்
ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது.
லாரி எடைமேடை அதோடு மட்டும்தான் பேசும்.
புதியது வாங்கிக் கொடுத்தோம், இரண்டு முறை.
எடைமேடை வாயே திறக்கவில்லை.
ஆகவே வாரம் ஒருமுறை
நான் இருபது வருடம் கீழே இறங்க வேண்டும்.

புதிய சூத்திரங்களைக் கழற்றிவிட்டு
பழையவற்றை மாட்டுகிறேன்.
ஒரே மூச்சில் முடிந்த தேடல்
மூன்று அடைப்புக்குறி நீள்கிறது.
'என்றால்'-க்குள் 'என்றால்' ஏழு வரைதான் போகும்,
அடுத்த சந்தேகத்துக்கு இடமில்லை.
நிபந்தனை வண்ணம் மூன்றுதான் தாங்கும்.
நான்காவதை,
பாக்கி தொண்ணூறு நாள் தாண்டியவர்களை,
ஒவ்வொன்றாகக் கையால் சிவப்படிக்கிறேன்.

சேமிக்கும்போது ஒரு பெட்டி எழும்:
சில அம்சங்கள் இழக்கப்படலாம். தொடரவா?
எத்தனை முறை 'ஆம்' சொல்லியிருப்பேன்.
என் கல்யாணத்தில் பதிவாளர்கூட
ஒரு தடவைதான் கேட்டார்.

போன மார்ச்சில் பெர்னதத் கூப்பிட்டார்.
"மேடம், டிசம்பர் இருபதுக்கு மேல
ஒருத்தருமே ஐஸ் வாங்கலையா?
கிறிஸ்மஸுக்கு ஊரே மீன் தின்னுச்சே!"

அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு.
பழைய தாளில் அத்தனை வரிதான்.
அதற்குக் கீழே இருந்தவர்களைச்
சத்தமில்லாமல் நறுக்கிவிட்டது.
'ஆம்' சொன்னது நான்.
நறுக்குப்பட்ட முதல் வரி
ஐஸ் பார் தூக்கும் பொன்னுரங்கத்தின் கூலி,
அறுநூற்று நாற்பது ரூபாய்.
அவன் கேட்கவே இல்லையாம்.
யாரோ மறந்திருப்பார்கள் என்று
இருந்துவிட்டானாம்.
அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு தாள்.

பிறகும் திங்கள்தோறும் போன் வரும்.
வரி எண்ணைச் சொல்லி,
"கடல் ராணியா, தங்க மீனா?" என்பார்.
பதில் சொன்னதும் வைத்துவிடுவார்.
கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை நேரிலேயே போனேன்.
உப்புக் காற்றுக்குப் பயந்து
துண்டு போர்த்திய கம்ப்யூட்டர்.
என் ஃபைல் திறப்பதற்குள்
ஒரு லாரி எடைமேடையில் ஏறி
இறங்கியும் போய்விட்டது.
படகுப் பெயர் இருக்கவேண்டிய பத்தியில்
ஓர் எழுத்தும் இல்லை.
வெற்றுக் கட்டங்கள், வரி வரியாக,
கழுவிக் கவிழ்த்த ஐஸ் பெட்டிகள் மாதிரி.
என் தமிழ் அதற்குத் தெரியாது.

"இத வச்சா இத்தன வருஷமா...?"
பெர்னதத் திரையில் விரல் வைத்து எண்ணினார்.
"எட்டு கட்டம், ஒரு எடவெளி, நாலு கட்டம்,
ஆரோக்கிய மாதா.
நாலும் நாலும் கடல் ராணி.
தங்க மீனும் நாலும் நாலும்தான்,
அதுக்குத்தான் உங்களக் கூப்புடுறது."

இங்கிலீஷில் அனுப்பட்டுமா என்றேன்.
"வேணாம், பதினெட்டு படகும் பழகிடுச்சு."
அந்தச் சிவப்பு வருகிறதா என்றேன்.
பிரிண்டரில் கறுப்பு ரிப்பன் மட்டும்தான்.
"நல்லா அழுத்தமா வருது மேடம்" என்றார்
என் முகத்தைப் பார்த்துவிட்டு.

இப்போது தங்க மீனுக்குப் பின்னால்
ஒரு புள்ளி வைக்கிறேன்.
புள்ளி எல்லாப் பதிப்பிலும் திறக்கிறது.
சூத்திரம் வேண்டாம், எழுத்துரு வேண்டாம்,
எந்தப் பெட்டியும் எழுந்து
தொடரவா என்று கேட்பதில்லை.
திங்கட்கிழமைகள் அமைதியாகிவிட்டன.

புதிதாய்ச் சேர்ந்த இன்பசேகரன்
போன வாரம் என் தாள்களைச் சரிபார்த்தான்.
பிழை என்று அதை மட்டும் அழித்துவிட்டான்.

இன்று காலை ஒன்பதரைக்கு போன்.
வரி எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு
சொன்னேன்:
"தங்க மீன்."