இருநூற்றுப் பன்னிரண்டு

இருநூற்றுப் பன்னிரண்டாம் சுற்றில்
மான் ஒன்று கடை வாசலில் வந்து நின்றது.
அவ்வளவுதான்.
அதற்கடுத்த எண் உலகத்தில் இருந்ததாகவே
எனக்கு ஞாபகமில்லை.

செப்புக் கம்பியைத் திரும்ப அவிழ்த்தேன்.
யூட் நிக்சனின் மீன்வாடித் தண்ணி மோட்டர்
மூன்றாம் தரமும் அம்மணமாய்க் கிடந்தது.

அது போன வருசம்.

பள்ளிக்கூட றிப்போட்டில் எழுதினார்கள்:
கெட்டிக்காரி, யன்னலுக்கு வெளியே படிக்கிறாள்.
புருசன் சொன்னது வேறு. அதை விடுவம்.
பேந்து மகள் அபிஷனாவைக் கூட்டிக்கொண்டு
பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.
அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம்
நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.
பதினாறாவது கேள்வியில் டொக்டர்
பேனையை மூடிவிட்டு
என்னைப் பார்த்தார்.

ஏ.டி.எச்.டி.
நாலு எழுத்து. முப்பத்தெட்டு வயது.
திரும்பி வரும்போது
மகளின் கிளினிக் கொப்பியை
பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

அன்றிரவு மேசையின் லாச்சிகளைக் கழற்றி எறிந்தேன்.
லாச்சிக்குள் போனது எனக்குச் செத்தது.
இப்போது எல்லாம் சுவரில் தொங்குகிறது:
குறடு, பேரிங், கபாசிற்றர்,
சிவப்புக் கயிற்றில் கரண்ட் பில்,
கண்ணுக்கு நேரே, மூக்கில் இடிக்கிற உயரத்தில்
மத்தியானச் சாப்பாடு.

பற்றுச்சீட்டுக் கொப்பி வைத்திருந்தேன்.
டச்சு பே பக்கமிருந்து வருகிற மான்கள்
கடுதாசி என்றால் விடாது.
ஆவணி மாதக் கடன்காரர் அத்தனை பேரையும்
ஒரு கிழட்டுக் கலைமான் மென்று முடித்தது.
அதன்பிறகு
ஆளின் பெயரும் காசும் காத்தாடி இறகிலேயே, சோக்கால்.

துடைக்க மறந்து அனுப்பினதும் உண்டு.
உவர்மலையில் ஒரு வீட்டு விறாந்தையில்
'சின்னராசா, பாதிக் காசு பாக்கி'
ஒரு கிழமையாய் ஒருவர் கண்ணிலும் படாமல்
சுற்றிக்கொண்டேயிருந்தது.
பெண் பார்க்க வந்தவர்கள் நிமிர்ந்திருந்த நேரம்
கரண்ட் நின்றது.
அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு
மிச்சக் காசு வந்தது.
கலியாணமும் சரிவந்ததாம்.

எண்ணுகிற வேலையை மூளையிடமிருந்து பறித்தேன்.
பழைய கசெற் றெக்கோடரின் மூன்று வெள்ளை இலக்கங்களைப்
பிடுங்கிச் சுற்றுக்கட்டையில் பூட்டினேன்.
மான் வரட்டும், மழை வரட்டும்,
கச்சான் காற்று தகரத்தைக் கழற்றட்டும்,
அது விட்ட இடத்தில் நிற்கும்.
நான் போய்வருவேன்.

வியாழக்கிழமை கணக்கு.
லொத்தர் விற்கிற நஸ்லிம் நானா
சைக்கிளைச் சாத்திவிட்டு வாங்கில் இருப்பார்.
கணக்குத் தெரியாது, எட்டியும் பார்க்கமாட்டார்,
கதைக்கவும் மாட்டார்.
அவர் இருந்தால் நானும் இருப்பேன்.
கூலி ஒரு பிளேன்ரீ.
மரியாதைக்கு ஒரு லொத்தர் வாங்குவேன்.
முடிவு பார்க்க மறந்த இருபத்துமூன்று
ஆணியில் தொங்குகின்றன.
அதில் எதிலாவது நான் கோடீஸ்வரி.

'திறந்திருந்தால் திறந்திருக்கும்'
என்று வாசலில் எழுதிவைத்திருக்கிறேன்.
சனம் முதலில் சிரித்தது, பிறகு பழகிவிட்டது.
எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்லமாட்டேன்.
சீனன்குடாவிலிருந்து வந்த கிறைண்டர் ஒன்று
எட்டு மாதமாய் என்னை முறைக்கிறது.
அதைத் தொட ஏலாது. ஏனென்று கேளாதீர்கள்.

சுற்றுக் கூடினால் மோட்டர் சோரும்,
குறைந்தால் எரியும்.
எனக்கு எத்தனை சுற்றென்று
தகட்டில் அடித்து ஒருத்தரும் அனுப்பவில்லை.
எரிந்து எரிந்துதான் பிடிக்கிறேன்.

நேற்றும் நிக்சன் வந்தான், இரவு எட்டு மணிக்கு.
விடிய வலை இழுக்க முதல் வேணும் என்றான்.
அந்த வார்த்தைதான் எனக்குச் சாவி.
'ஆறுதலாய்த் தாங்கோ அக்கா' என்றால்
அந்த மோட்டர் கிறைண்டருக்குப் பக்கத்தில் போயிருக்கும்.

பசி இல்லை, மணிக்கூடு இல்லை,
கடல் கூட இல்லை.
வார்னிஷ் மணமும் நானும்.
மூன்றே கால்.
சுவிட்சைப் போட்டேன்,
தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பியது.

எவ்வளவு என்று கேட்டான் நிக்சன்.
சுவரைப் பார்த்தேன், ஆணி ஆணியாய்.
இறகில்லை இதற்கு, எழுத.
எங்கேயோ எழுதினேன் தம்பி, சத்தியமாய்.

அவன் சிரித்தபடி
என் மணிக்கட்டைக் காட்டினான்.