கார்க் கதவு திறக்கிறவன்

எட்டரை மணித் தொடரில்
முதலாளியின் காருக்குக் கதவு திறக்கிறவன் ஒருவன்.
அவ்வளவுதான் அவன் வேலை.
இருநூற்றுப் பதினேழு நாள் திறந்தான்.
பேர் கிடையாது, ஒரு சொல் வசனம் கிடையாது.
முதலாளி ஏறியதும் மூடுவான்,
கேமரா காரோடு போய்விடும்.

நாங்கள் அவனோடு நின்றுவிடுவோம்.

நாங்கள் என்றால்
கடலூர் முதுநகரில், துறைமுகத்துக் கொட்டகையில்
இறால் உரிக்கிற மூன்று பேர்:
நான், அஞ்சலாட்சி, தில்ஷாத்.
காலை ஏழுக்கு ஐஸ் தண்ணியில் கை வைத்தால்
பத்து மணிக்கு விரல்கள் யாருடையவோ.
வாய் மட்டும் எங்களுடையது.

"இடது கையால திறக்கிறான் பாத்தியா?"
ஆரம்பித்தது தில்ஷாத்.
அன்றிரவு மூன்று வீட்டிலும் பார்த்தோம்.
மறுநாள் காரணம் வேண்டியிருந்தது.
வலது தோளில் பழைய அடி என்றேன் நான்.
முன்னே லாரி ஓட்டியிருப்பான்,
நெய்வேலியிலிருந்து சாம்பல் ஏற்றி.
பண்ருட்டி வளைவில், எதிரே
பலாப்பழ வண்டி வந்து
"பலாப்பழம் வேணாம், சிரிப்பு வருது,
முந்திரிக்கொட்டைன்னு வையி" என்றாள் அஞ்சலாட்சி.
வைத்தோம்.

பேர் வைக்க நான்கு நாள் பிடித்தது.
தங்கப்பிரகாசம்.
வீடு கெடிலத்துக்கு இந்தப் பக்கம், புதுப்பாளையம்.

ஒரு வெள்ளிக்கிழமை கிட்டக் காட்டினார்கள்,
கண் இமைக்கும் நேரம்.
வெள்ளைச் சட்டையில் மூன்றாவது பொத்தானுக்குக் கறுப்பு நூல்!
பெண்டாட்டி இல்லாதவன், தானே தைத்தது என்றேன்.
இருக்கிறாள், அவளுக்குக் கண் மங்கல் என்றாள் தில்ஷாத்.
இரண்டு நாள் சண்டை.
மேஸ்திரி வந்து எடை குறைகிறது என்றார்.
கண் மங்கலே ஜெயித்தது.

பிறகு ஒருநாள்
அஞ்சலாட்சி தலை நிமிராமல் சொன்னாள்:
"முதலாளி வீட்டுல போடுற சோத்த அவன் திங்கறதில்ல.
கட்டி எடுத்துப் போயிடுறான்.
ஒரு பையன் இருக்கான். ஒன்பது வயசு.
எழுந்திரிக்க மாட்டான்.
தண்ணி குடுக்கணும்னா பிடரிய
இப்புடிப் பிடிக்கணும்."

இறால் விழுந்தது தெரியாமல்
அவள் இடது உள்ளங்கை குழிந்து நின்றது,
ஒரு தலையின் கனத்துக்குச் சரியாக.
ஆறு வருஷப் பழக்கம் எங்களுக்கு.
இரண்டு பெண்கள் என்றுதான் சொல்லியிருந்தாள்.

தில்ஷாத் என்னைப் பார்த்தாள்.
நான் ஓடு குவிந்த கூடையைத் தள்ளி வைத்தேன்.
"அப்புறம்?" என்றோம், எப்போதும் போல.

அதன்பின் தங்கப்பிரகாசத்துக்கு
என்னென்னவோ செய்தோம்.
கடனில் தள்ளினோம், உப்பனாற்று வெள்ளத்தில்
அவன் சைக்கிளை விட்டோம்,
அவன் அண்ணனை ஓடிப்போக வைத்தோம்.
(அந்த அண்ணன் என்னுடையவன். அதை அவர்களும் கேட்கவில்லை.)
பையன் பக்கம் மட்டும்
ஒரு காய்ச்சலைக்கூட விடவில்லை.

நேற்று அவனுக்கு வசனம் கொடுத்தார்கள்.
"பெட்டி எங்கிட்டதான் இருக்கு சார்."
திருடனாம். பேர் ரிச்சர்டாம்.
முன்னும் பின்னும் யாருமில்லாதவனாம்.
குரல் வேறு, எங்கள் காதில் இருந்ததைவிட மெல்லிசு.

காலையில் மேசையில் பேச்சில்லை.
ஐஸ் உடைகிற சத்தம்,
சிப்காட் பக்கமிருந்து அந்த நாற்றம்.
முதல் தட்டு நிறைந்த பிறகு தில்ஷாத் சொன்னாள்:
"அது வேற ஆளு. வலது கையால திறந்தான், நான் பாத்தேன்."

நானும் பார்த்தேன். இடது கைதான்.
"ஆமா, வலதுதான்" என்றேன்.

அஞ்சலாட்சி ஒரு இறாலின் நரம்பை
முழுசாக இழுத்து எடுத்தாள்.
"அப்ப நம்ம ஆளு எங்க?"

"டூட்டி முடிஞ்சு பஸ் ஏறிட்டான்,
புதுப்பாளையத்துல எறங்கி நடக்குறான்."

"சோறு?"

"கட்டிக்கிட்டான். முட்டையும் இருக்கு."