பதினொரு கேபி

புளியரைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம்,
வைக்கோல் லாரிகள் ஒதுங்கி நிற்கும் வளைவில்
மாடியில் எங்கள் புக்கிங் ஆபீஸ்.
ஏழு நாற்காலி, ஏழு திரை.
கணினி என்று சொன்னால் ஒன்றுதான்.
கக்கூசை ஒட்டிய சிற்றறையில்
பழைய பெஞ்சுப் பலகைமேல் இருக்கிறது.

மற்ற ஏழும் தென்காசிக் காயலான் கடையில்
எடை போட்டு வாங்கியவை.
வன்தட்டை நானே கழற்றிவிட்டேன்.
ஞாபகம் என்று எதுவும் இல்லாமல்
காலை ஒன்பதுக்குப் பொத்தானை அழுத்தியதும்
நீலக் கம்பி வழியே கேட்கும்:
நான் யார்?
உள்ளறை சொல்லும்.
ஒன்றரை நிமிடத்தில் நம்பிவிடும்.

லினக்ஸ் என்றதும் முதலாளி முகைதீன் பிச்சை
கேட்டது ஒரே கேள்வி, எவ்வளவு?
சும்மா என்றேன்.
சும்மா கிடைப்பதை அவர் நம்புவதில்லை.
அறைக்குப் பெரிய பூட்டாக வாங்கிவந்தார்.

சாரல் மாசத்தில் கரண்ட் நிற்காது.
ஏழு திரையும் பட்டென்று கறுக்கும்.
ஷிஜு மலையாளத்தில் ஏசுவான்.
"எம் பில்லு போச்சே" என்பாள் இசக்கிராணி.
போகவில்லை.
உள்ளே பேட்டரி முனகிக்கொண்டிருக்கும்.
அவள் விட்ட இடத்தில்,
தக்காளி நூற்று நாற்பது பெட்டி, புன
என்பதன் ஓரத்தில்
சின்னக் கோடு ஒன்று கண்சிமிட்டி நிற்கும்,
லூர் வரும்வரை.

எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும்
அவரவருடையது அவரவரிடம் வரும்.
இது தெரிந்தபின்
ஜன்னலோரத்துக்குச் சண்டை கூடித்தான் போனது.

அந்தப் பெட்டிக்குள் என் பெயர் ரூட்.
ஏழு வீட்டுக் கதவும் தட்டாமலே திறக்கும்.
யார் பில் போடுகிறார், யார் சீட்டு விளையாடுகிறார்,
மணியும் பெயருமாய் வரிசையில் தெரியும்.
ஷிஜுவின் சீட்டாட்டத்தை மட்டும்
பகல் பன்னிரண்டுக்குமேல் அனுமதித்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வண்டிமலையான் வரவில்லை.
சம்பளப் பாக்கி கேட்டுச் சத்தம்போட்டுவிட்டு
ஆரியங்காவுக்கு லாரியேறிவிட்டானாம்.
ஆனால் பட்டியலில் அவன் போகவில்லை.
நான்காவது பெயராய்
மூன்று நாளாக உள்ளேயே இருந்தான்.
அவன் வீட்டில் தலைப்பில்லாத ஒரு கோப்பு.

முதலாளி வாசலில் நின்றார்.
"ரெண்டு நாளா என்னத்தையோ எழுதிக்கிட்டு இருந்தானாம்லா.
எடு, பாப்போம்."

"பதினொரு கேபி" என்றேன்.

"அப்படின்னா?"

"அவ்வளவுதான் தெரியும்."

"சாவி ஒங்கிட்டதான இருக்கு?"

அறைச்சாவியை நீட்டினேன்.
வாங்கினார். திறந்தார்.
கறுப்புப் பெட்டி, சுழலும் விசிறி, ஒரு பச்சைப் பொட்டு.
எந்தப் பக்கம் கைவைப்பது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் அந்தக் காற்றில் நின்றார்.
பிறகு சாவியைத் திருப்பித் தந்து
"அழிச்சிரு" என்றார்.

சரி என்றேன்.
அன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய்.

கடவுச்சொல்லை மாற்றினேன்.
நான்காவது பெயரை வெளியே அனுப்பினேன்.
கோப்பைத் திறக்காமல்
பென்டிரைவில் போட்டேன். அதை
லாரித் தபால் உறையில் வைத்து ஒட்டினேன்.
"எந்தா சேச்சி இது?" என்றான் ஷிஜு.
"ஒங்க ஊர்ப்பக்கம்தான் போகுது" என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை
மழைக்குத் தார்ப்பாய் இறுக்கிய வண்டியில்
அது மலையேறியது.
சாவடியில் காகிதம் கேட்டார்கள்.

வைக்கோலுக்கு மட்டும்தான் பில் இருந்தது.