தேர்ச்சி பெற்ற ஆண்டு

ஈரப்பதம் பதினேழு புள்ளி நான்கு.
பதினேழைத் தாண்டினால் எடுக்கக்கூடாது.
"பதினாறு ஒம்பதுன்னு போட்டுடேம்மா தையல்நாயகி,
புள்ளிக்கு அந்தாண்ட உள்ளதை எவன் பாக்கப்போறான்"
என்பார் களப்பால் வேலாயுதம், போகம் தவறாமல்.
போட்டதில்லை.
காயவைத்து எடுத்துவரச் சொல்லிவிட்டு
அவர் திட்டுவதையும் கேட்டுக்கொண்டு
அடுத்த பெயரைக் கூப்பிடுவேன்.

கோட்டூர்ப் பக்கம் கொள்முதல் நிலையத்தில்
பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
வயது நாற்பத்தொன்று.
பருவம் முடிந்தால் வேலை முடிந்தது.
மறு அறுவடைக்குக் கூப்பிட்டால் உண்டு.

விரல்ரேகைக் கருவி வந்த வருஷம்
பெருகவாழ்ந்தான் மரியசெல்வத்தின் கட்டைவிரலை
அது ஒத்துக்கொள்ளவில்லை.
வேட்டியில் துடைத்து வைத்தார்.
எச்சில் தொட்டு வைத்தார்.
என் டிபன் டப்பாவின் எண்ணெயைக்கூடத் தடவிப் பார்த்தோம்.
பொருந்தவில்லை, என்றது திரை,
ஆளே எதிரில் நிற்கும்போது.
அவருடைய அறுபத்து மூன்று மூட்டை
அன்றிரவு களத்தில் கிடந்தது.
எனக்குத் தூக்கம் வராதது நெல்லை நினைத்தல்ல.
பொருந்தாவிட்டால் அடுத்தது என்ன என்று
அந்தப் பெட்டிக்கு ஒருவரும் சொல்லிவைக்கவில்லையே,
அதை நினைத்து.

மன்னார்குடிப் படிப்பு மையத்தில் மூன்று தாள் கொடுத்தார்கள்.
கணினி அறிவியல்: முதல் வருஷம் முழுக்கக் கணிதம்.
நான் பிளஸ் டூவில் வணிகவியல்.
கணினிப் பயன்பாட்டியல்:
"இதுதான் மேடம் இப்ப நல்லா ஓடுது"
என்றான் மையத்துப் பையன், புடவையை விரித்துக் காட்டுவதுபோல்.
செய்முறை வகுப்பு மாசியில் பத்து நாள்.
மாசியில் எனக்குத் தும்முவதற்கும் நேரம் கிடையாது.
தகவல் அமைப்பியல்:
போன வருஷம் சேர்ந்தவர்கள் ஏழு பேர்.
பையன் அந்தத் தாளை அடியில் வைத்திருந்தான்.

வரும் வழியெல்லாம் பேருந்தில் அதைத்தான் படித்தேன்.
தரவுத்தளம், கணக்குப்பதிவியல், நிறுவன நடைமுறை.
நான்காம் பருவத்தில் அமைப்புப் பகுப்பாய்வு,
அதற்குக் கீழே பொடி எழுத்தில்
'பயன்படுத்துவோரிடம் கேட்டறிதல்'.
பாட்டில் தண்ணீர் மடியில் சிந்தியதுகூடத் தெரியாமல்
அந்த ஒரு வரியில் நின்றுவிட்டேன்.
கேட்டறிதல் ஒரு பாடமாம்.
மதிப்பெண் இருபத்தைந்து.

தேர்வு ஜூனில், பிறகு டிசம்பரில்.
ஜூனில் மேட்டூர் திறந்தாலும்
எங்கள் கடைமடைக்குச் செய்தி மட்டும்தான் வந்திருக்கும்.
டிசம்பரில் சம்பா பால் பிடித்துக்கொண்டிருக்கும்.
இரண்டிலும் மூட்டை வராது.
கனவு கண்டு எடுத்த முடிவென்று யாரும் நினைக்கவேண்டாம்,
காலண்டரைப் பார்த்து எடுத்தது.

"முடிச்சா நிரந்தரம் பண்ணுவாங்களா?" என்றார்
திருப்பூரிலிருந்து வீட்டுக்காரர்.
தெரியாது என்றேன்.
கொஞ்சநேரம் இரண்டு பக்கமும் தறிச்சத்தம்தான்.
மறுநாள் நாலாயிரம் அனுப்பியிருந்தார்.

விண்ணப்பம் இணையத்தில்.
தேர்ச்சி பெற்ற ஆண்டைத் தட்டினால் பட்டியல் இறங்கியது.
இறங்கி இறங்கி இரண்டாயிரத்து ஐந்தோடு நின்றுவிட்டது.
நான் இரண்டாயிரத்து ஒன்று.
உதவி எண்ணில் ஒரு பெண் சொன்னாள்:
"இப்போதைக்கு அஞ்சுன்னே போட்டுடுங்க மேடம்,
சர்ட்டிபிகேட் பாக்கும்போது மாத்திக்கலாம்."
குரல் இளசு.
பேசியது களப்பால் வேலாயுதம்.

போடவில்லை.
மதிப்பெண் பட்டியலைப் படமெடுத்து,
உங்கள் பட்டியலில் நான் இல்லை,
எனக்கு முன்னால் படித்தவர்களும் இல்லை என்று
எழுதி அனுப்பினேன்.
முதல் நாள் பதில் இல்லை, இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள் ராத்திரி சும்மா தட்டிப் பார்த்தேன்.
தொண்ணூற்றைந்துவரை நீண்டிருந்தது.

எங்கோ யாரோ உட்கார்ந்து
பத்து வரிகள் சேர்த்திருக்கிறார்.
சம்பளத்துக்குத்தான் செய்திருப்பார்.
ஆனாலும்.

பணம் கட்டிய அன்று மழை.
தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்திருந்த
சுமைப்பணியாளர் கலியமூர்த்தி கேட்டார்,
"நீ படிச்சா மழை நிக்குமா அக்கா?"
"நிக்காது.
யாரு மூட்டை நனைஞ்சுதுன்னு அன்னிக்கே தெரியும்."
"அது எனக்கு இப்பவே தெரியுமே" என்று
விரலை நீட்டி நீட்டிச் சொல்ல ஆரம்பித்தார்.
பேனாவைத் தேடினேன்.