மாற்று வழி

களுவாஞ்சிகுடிச் சந்தியில பொலிஸ் நிக்குதெண்டா
களுதாவளையில எனக்குத் தெரியும்.
வெத்திலைத் தோட்டத்து ஒழுங்கை,
கடற்கரை வீதி, சுடலை மணல்,
லைசன் இல்லாதவன்ட ஊர்
என் ரெண்டு சில்லுக்கும் மனப்பாடம்.

அண்டைக்கு
பிழை முழுக்க லொறிக்காரன்ட.
சிக்னல் போடாமத் திருப்பினவன்.
பின்னால இருந்த டிலக்சன்ட முழங்கால்
மதகில உரசிப் பிளந்தது.
லொறிக்காரன் இறங்கி வந்தான், கை நடுங்க,
"தம்பி, பொலிசுக்குச் சொல்லுவமா?"

ஓடினது நான்தான்.

பதினேழு வயசு,
கோணின ஹாண்டில்,
என் ஜீன்சில அவன்ட ரத்தம், சூடா.

ஆஸ்பத்திரியில கேட்டாங்க, எப்படி நடந்த?
"தென்னையில இருந்து விழுந்தவன்" எண்டேன்.
அவனும் தலையாட்டினான்.

இப்பவும் மாரிக்கு நொண்டுறான்.
அவன்ட அம்மா
வளவில நிண்ட ஒரே தென்னையை
ஆள் பிடிச்சு வெட்டிப்போட்டா.